பெயரும் திருந்தியது, எழுத்தும் திருந்தியது!

தூத்துக்குடியிலிருந்து தெற்கே புறப்பட்டு, திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினத்தைக் கடந்து சென்றால் மணப்பாடு என்றோர் ஊர் வரும். கடலை நோக்கி மூக்கை நீட்டி நிற்கும் மணற்குன்று. குன்றின்மேல் சிலுவைக் கோயில். கீழே ஓயாத அலை. வலையும் வள்ளமும் வாழ்வாகிப்போன மக்கள். அந்த ஊரில், ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பு, அறுபதைக் கடந்த முதியவர் ஒருவர் வாழ்ந்தார். பிறந்த மண் இத்தாலி. பேசியது தமிழ். எழுதியது தமிழ். கனவு கண்டிருந்தால் அதையும் தமிழில்தான் கண்டிருப்பார் என்று சொல்லத் தோன்றுகிறது, அவர் விட்டுச் சென்ற ஏடுகளைப் புரட்டும்போது!

வீரமாமுனிவர்! பெயரைக் கேட்டதும் தேம்பாவணி நினைவுக்கு வரும். சதுரகராதி நினைவுக்கு வரும். சென்னைக் கடற்கரையில் நிற்கும் சிலை நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது காப்பியப் புலவரைப் பற்றியன்று, தோழர்களே! கதை எழுதிய முனிவரைப் பற்றி. எழுதியதைத் திருத்தவும், திருத்துவதற்கு வேண்டிய கருவியையே திருத்தவும் துணிந்த ஒரு மனிதரைப் பற்றி.

ஏன் இப்போது இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் இளைஞர்கள் எழுதுகிறார்கள், மகிழ்ச்சி. கதை எழுதுகிறார்கள், பெருமகிழ்ச்சி. ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கதை, பொழுது விடியுமுன் அச்சேறிவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள்! திருத்தினால் வேகம் போய்விடும், உணர்ச்சி வற்றிவிடும் என்று வாதாடுகிறார்கள். நானும் அப்படி வாதாடியவன்தான். ஒருமுறை, எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஒருமுறைகூடப் படித்துப் பாராமல் அனுப்பினேன். ஏட்டில் வந்தது என்ன தெரியுமா? எரியைத் தூர்வார வேண்டும் என்று வந்தது! அச்சுக்கோத்தவர்மீது பாய்ந்தேன். அவர் என் கையெழுத்துப்படியை எடுத்து என் கண்முன் நீட்டினார். பிழை என்னுடையது. ஏகாரத்தின் கீழ் ஒரு சிறு கோடு. அதை இழுக்க எனக்கு நேரமில்லை!

அந்தச் சிறு கோட்டைத் தமிழுக்குத் தந்தவர்தான் மணப்பாட்டு முதியவர் என்று பின்னர் அறிந்தபோது வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அன்று தொடங்கியது அவர்மீது எனக்கு ஈடுபாடு.

கான்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்பது இயற்பெயர். இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்திகிலியோனே என்ற ஊரில், 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கப்பலேறிக் கோவா வந்து இறங்கினார். அதன்பின் தமிழகம். அப்போது வயது முப்பது. முப்பது வயதில் நம்மில் எத்தனை பேர் ஒரு புதிய மொழிக்கு முன்னே கைகட்டி உட்காருவோம்? அவர் உட்கார்ந்தார். அகரம் தொடங்கிப் படித்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழாசிரியர் என்பது வழிவழிச் செய்தி.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணி செய்தார். பின்னர் அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு வாழ்ந்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். முதுமையில் மீண்டும் முத்துக்குளித்துறைக்கே வந்து சேர்ந்தார்.

இந்தக் கடற்கரைக்கு அவர் முதல்வர் அல்லர். அவருக்கு முன்பே இங்கே ஒரு பரம்பரை உண்டு. போர்த்துகலிலிருந்து வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகள், புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் பரதவ மக்களோடு வாழ்ந்து, அவர்கள் நாவிலிருந்து தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற சிறு நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்று தன் எழுத்திலேயே தாளில் பதிந்தது அப்போதுதான். 1586இல் அடியார் வரலாறு என்ற பெரிய உரைநடை நூலையும் அச்சேற்றினார். ஆக, தமிழ் உரைநடை அச்சேறிய கதையின் முதல் பக்கத்தில் உப்புக்காற்று வீசுகிறது. மீன் வாடை வீசுகிறது! அந்த உரைநடை, கற்றுச் சொல்லிகள் மண்டபத்தில் பிறந்ததன்று. வலை உலர்த்தும் மணலில் பிறந்தது.

அடுத்து வந்தவர் இராபர்ட் தெ நொபிலி. மதுரையில் இருந்து பல நூல்கள் எழுதினார். அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் வடசொல் வெள்ளம் பாய்ந்தது. தமிழ்ப் படகு அதில் தத்தளித்தது. மேல்தட்டார் மதிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

பெஸ்கியும் அந்தக் கணக்கோடுதான் தொடங்கினார். தைரியநாதர் என்று பெயர் பூண்டார். தமிழ் படிக்கப் படிக்க, அந்தப் பெயரே வீரமாமுனிவர் என்று மாறியது. மதுரைப் புலவர்கள் மாற்றினார்கள் என்பார் சிலர். தாமே மாற்றிக்கொண்டார் என்பார் சிலர். யார் மாற்றினால் என்ன? தமிழ் மாற்றியது! தம் பெயரையே ஒரு முதற்படியாகக் கருதி, இதைவிட நல்ல சொல் உண்டு என்று கண்டதும் பழையதைக் கைவிட ஒப்பிய மனம் இருக்கிறதே, அதுதான் எழுத்தாளனின் மனம். தான் இட்ட சொல் என்பதற்காகவே ஒரு சொல்லைக் கட்டிப்பிடித்து அழுபவன் எழுத்தாளன் ஆகமாட்டான்.

இனி எழுத்துக்கு வருவோம்.

அந்நாளில் ஓலைதான் ஏடு, எழுத்தாணிதான் எழுதுகோல். ஓலையில் எழுதுவது என்றால் கீறுவது. கீறியதை அழிக்க முடியாது. மை பூசிய பிறகே எழுத்து கண்ணுக்குத் தெளிவாகும். பிழையும் அப்போதுதான் பல்லைக் காட்டும்! திருத்த வேண்டுமானால் அந்த ஓலையை விலக்கிவிட்டுப் புதிய ஓலையில் முதலிலிருந்து கீற வேண்டும். திருத்தம் என்பது அன்று விரல் நோகும் வேலை. தாளையும் மையையும் கையில் வைத்துக்கொண்டு திருத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாம், அந்த விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எகரமும் ஒகரமும் குறிலாக இருந்தால் புள்ளி பெற வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. புள்ளியில்லாவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆகவே எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு? எரியும் ஏரியும் ஒன்று! கொடுவும் கோடுவும் ஒன்று! பெறுவும் பேறுவும் ஒன்று! படிப்பவன்தான் முன்பின் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். மனப்பாடம் செய்த புலவருக்கு இது தொல்லையன்று. புதிதாகப் படிக்க வருபவனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு குழி!

புலவர்கள் அந்தக் குழியை மூடவில்லை. விழாமல் நடக்கத் தெரிந்தவனே கற்றவன் என்று பெருமை பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர், குழியில் விழுந்து எழுந்தவர், அதை மூட முற்பட்டார். குறில் அப்படியே நிற்கட்டும்; நெடிலுக்கு ஓர் அடையாளம் தருவோம் என்றார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு. ஓகாரத்துக்குச் சுழி. ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைச் சுழிக் கொம்பு. கே வேறு, கெ வேறு என்று கண்ணுக்கே தெரிந்தது. இன்று ஐந்து வயதுப் பிள்ளை பிழையின்றிப் படிக்கிறதே, அதில் அவர் கை இருக்கிறது. இலக்கணம் எழுத வந்தவர், இலக்கணத்தின் உயிரைக் காக்க அதன் வடிவத்தை மாற்றினார். அவர் வழி சரியென்பதைப் பின்னாளில் அச்சு உறுதி செய்தது. 1935இல் பெரியார் தம் இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டபோதும், 1978இல் தமிழக அரசு அதில் பெரும்பகுதியை ஆணையாக்கியபோதும், எழுத்தில் கை வைக்கலாமா என்று அலறியவர்கள் இருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கை வைத்தாயிற்று. அந்தக் கை வைத்த எழுத்தில்தான் அவர்கள் அலறலையும் எழுதினார்கள்!

அடுத்து அகராதி. அதுவரை சொற்பொருள் வேண்டுமானால் நிகண்டைப் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. சொற்கள் அகர வரிசையில். மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் திறந்த கதவு, தேடத் தெரிந்த எவனுக்கும் திறந்தது. அறிவுக்குப் போட்டிருந்த பூட்டு உடைந்தது!

இலக்கணத்திலும் இரண்டு தமிழையும் அவர் ஒதுக்கவில்லை. செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம். மக்கள் வழங்கும் தமிழுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்ற இலத்தீன் நூல். இரண்டாவது நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் யார்? சமயப் பூசலில் அவர் கடுமையாகத் தாக்கிய லுத்தரன் சபையார்! பூசல் பூசலாக இருந்தது. அவர் தமிழறிவு அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

இத்தனையும் செய்த பிறகுதான், அல்லது இத்தனைக்கும் இடையில்தான், அவர் கதை எழுத உட்கார்ந்தார். தமிழ் கற்க வரும் வெளிநாட்டார் படித்துப் பழகுவதற்காக, எளிய உரைநடையில், பக்கத்திலேயே இலத்தீன் மொழிபெயர்ப்புடன் எழுதினார். அதுதான் பரமார்த்த குரு கதை.

காப்பியம் பாடிய கை அது. மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து பாடல்களில் தேம்பாவணி பாடிய கை. அந்தக் கை, அணியையும் அலங்காரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, சந்தையில் பேசும் பேச்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இது இறக்கமா? இல்லை, தோழர்களே! தெரிந்ததையெல்லாம் கொட்டுபவன் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். தெரிந்ததில் எதை விட வேண்டும் என்று அறிந்தவனே எழுதக் கற்றவன்.

கதை நாம் அறிந்ததே. பரமார்த்தர் என்றொரு குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பெயரைச் சொன்னதும் ஆள் தெரிகிறான். வருணனைக்கு ஒரு வரி வீணாகவில்லை. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பது, கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி ஒருவன் குறைந்தான் என்று அழுவது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைக்கு வாங்குவது... பாட்டி சொல்லக் கேட்டவை. பள்ளிப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பவை.

இவையெல்லாம் அவர் கற்பனையா? முழுதும் அன்று. எண்ணத் தெரியாத முட்டாள்களின் கதை இங்கிலாந்தில் கோத்தம் என்ற ஊராரைப் பற்றியும் வழங்குகிறது. மக்கள் வாயில் உலவிய துணுக்குகள் பலவற்றை அவர் எடுத்திருக்கிறார். அப்படியானால் அவர் பங்கு என்ன? கோத்த பங்கு! முத்து கடலுடையது, மாலை கோத்தவனுடையது.

கோப்பைக் கவனியுங்கள். ஆற்றைக் கடக்கப் பட்ட பாட்டினால் குதிரை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பிறக்கிறது. குதிரை வாங்கப் பணமில்லாததால் முட்டை வாங்குகிறார்கள். முட்டை உடைந்து, புதரிலிருந்த முயல் ஓட, குதிரைக்குட்டி ஓடிவிட்டது என்று நம்புகிறார்கள். குதிரை இல்லாததால் மாட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். மாட்டின் நிழலில் ஒதுங்கியதற்கும் வாடகை கேட்கிறான் மாட்டுக்காரன். நீரில் தெரிந்த மண்குதிரையின் நிழலைத் தூண்டில் போட்டுப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிறகு உண்மையாகவே ஒரு கிழக்குதிரை கிடைக்கிறது. அந்தக் குதிரையே குருவின் முடிவுக்கு வழியாகிறது. எட்டுப் பகுதிகள், ஒரே சங்கிலி. ஒன்றின் முட்டாள்தனம் அடுத்ததைப் பெறுகிறது. நடுவில் ஒரு கண்ணியைக் கழற்றினால் பின்னது நிற்காது. கட்டுக்கோப்பு என்று நாம் இன்று பாடம் நடத்துகிறோமே, அது இதுதான்.

அதிலும் ஒரு கட்டம். குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லை என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்கிறார் குரு. குதிரைச் சாணத்தை ஏந்தி வருகிறார்கள். எடுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் எழுதித் தருகிறார். கடைசியில் குருவே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை! ஓலையில் எழுதித் தந்த பிறகே தூக்குகிறார்கள். சிரித்து முடித்தபின் எண்ணிப் பாருங்கள். எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் பாராத கூட்டம், ஏட்டில் இல்லை என்பதற்காகக் கண்முன் வீழ்ந்தவனைத் தூக்காத கூட்டம் கதையில் மட்டுமா இருக்கிறது? நாட்டில் இல்லையா? அலுவலகத்தில் இல்லையா? ஆலயத்தில் இல்லையா?

முடிவும் அப்படியே. வடமொழியில் ஒரு சொற்றொடரைச் சொல்லி, இருக்குமிடம் குளிர்ந்தால் சாவு என்று குறி சொல்லிவிட்டுப் போகிறான் ஒரு புரோகிதன். நனைந்த குருவுக்கு உடல் குளிர்கிறது. குறி பலித்தது என்று குருவும் நம்ப, சீடரும் நம்ப, நம்பிக்கையே அவரைக் கொன்றுவிடுகிறது!

இங்கே ஒரு கேள்வி எழும். எழுதியவர் பாதிரியார் ஆயிற்றே. பிற சமயக் குருமாரைக் கேலி செய்தவர், தம் சபைக் குருமாரைக் கேலி செய்தாரா? நியாயமான கேள்வி. செய்யவில்லை. சமயப் பூசல் நூல்களில் அவர் பேனா நெருப்பைக் கக்கியதும் உண்மை. அவர் சமயம் அவருக்கு; அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் நல்ல கதைக்கு ஓர் இயல்பு உண்டு. எழுதியவன் கையிலிருந்து அது நழுவிவிடும். காவி உடுத்திய பரமார்த்தர் என்று அவர் எழுதியிருக்கலாம். வெள்ளங்கி உடுத்திய பரமார்த்தருக்கும் அது பொருந்துகிறது. கட்சித்துண்டு அணிந்த பரமார்த்தர் வந்தால் அவருக்கும் பொருந்தும்! ஆம், நம்மிடமும் மட்டியும் மடையனும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதை நமக்கும் எழுதப்பட்டது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. வெளிநாட்டான் இவ்வளவு தமிழ் எழுதியிருக்க முடியுமா, தேம்பாவணியை ஆசிரியர் எழுதிக் கொடுத்திருப்பார் என்று சிலர் பேசினார்கள். பிறப்பைப் பார்த்து அறிவை அளக்கும் பழைய நோய் இது! இங்கே பிறந்தவனையே, நீ இந்தக் குலத்தில் பிறந்தாய், உனக்கு எழுத்து ஏன் என்று கேட்ட நாடல்லவா? தமிழ் உழைத்தவனுக்கு உரியது. ஆசிரியர் திருத்தியிருக்கலாம், ஆசிரியர் இருப்பது எதற்கு? திருத்தம் பெற்றவன் சிறியவன் ஆவதில்லை. 1726இல் பாடி முடித்த காப்பியத்துக்கு 1729இல் தாமே உரையும் எழுதினார். தம் பாட்டு படிப்பவனுக்கு விளங்க வேண்டுமே என்று மீண்டும் அதன்முன் உட்கார்ந்தவர் அவர்.

அவர் கதையை அவர் அச்சில் காணவில்லை. ஓலையிலும் தாளிலும் படியெடுத்துக் கைமாறி வந்தது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார். 1826இல் துபுவா பாதிரியார் பிரெஞ்சில் தந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல்தான் வந்தது. தமிழ் நாவல் என்ற மாளிகை எழுவதற்கு வெகு முன்பே, எளிய உரைநடையில் கதை நடக்கும் என்று காட்டிய திண்ணை இது.

அவர் வரலாறும் திருத்தம் பெற்றதுதான். அவர் 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். பின்னர் சபையின் பழைய ஏடுகளை ஆராய்ந்தவர்கள், 1744இல் அவர் மணப்பாட்டில் தலைமைப் பொறுப்பில் இருந்ததையும், 1747 பிப்ரவரி 4ஆம் நாள் சேர நாட்டு அம்பலக்காட்டில் இறந்ததையும் கண்டார்கள். பழைய செய்தி பிழை என்றதும் மாற்றினார்கள். யாருடைய பெருமையும் குறையவில்லை.

1968இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, அண்ணாவின் ஆட்சியில், சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. சமயம் பார்த்து எழுந்த சிலையன்று. தமிழ் பார்த்து எழுந்த சிலை.

மறுபடியும் இந்தக் கரைக்கு வருகிறேன். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் அது நடந்த முறை இங்கே முதியவர்களுக்குத் தெரியும். மூச்சை அடக்கி மூழ்குவார்கள். கூடை கூடையாகச் சிப்பி வரும். கரையில் குவித்து அழுகவிடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். அதன்பின் கழுவுவார்கள், அலசுவார்கள், துளைத்தட்டுகளில் சலித்துப் பெரிது வேறு, சிறிது வேறு என்று பிரிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்குச் சில முத்து. மூழ்கியதோடு வேலை முடிந்தது என்று சிப்பிக் குவியலையே கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனவன் எவனும் இல்லை.

இளந்தோழனே! உன் முதற்படி சிப்பிக் குவியல். மூழ்கி எடுத்தாய், வீரம்தான், பாராட்டுகிறேன். இனி உட்கார். கழுவு. அலசு. சலி. ஏகாரத்தின் கீழே கோடு விழுந்திருக்கிறதா என்று பார். பிறகு அனுப்பு.